88-ஆம் இடத்தில் இருப்பது யார்?

படப்பையிலிருந்து முடிச்சூர் வழியாகத் தாம்பரம் போய்க் கடற்கரை ரயில் ஏறினால் அடுத்த நிலையம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் 1964-இல் வெளியிட்ட அறிக்கையை அந்த ரயிலில்தான் படித்தேன். வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே ஐசோனியசிட். அந்த ஊசி மருந்து கிருமிக்குள் எதைப் பிடிக்கிறது? பிடி நழுவுவது எங்கே?

பிடிபடுவது கிருமியின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம். அதில் எஸ்12 என்ற புரதம் முக்கியமானது. ஆனால் 1960-களின் தாள்களில் எஸ்12-ஐத் தேடினால் கிடைக்காது. 1969-இல் ஒசாகி, மிசுஷிமா, நொமுரா மூவரும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிரித்துத் திரும்பக் கோத்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமியிலிருந்து ஒரே ஒரு புரதத்தை எடுத்து வைத்தார்கள். கோத்த ரைபோசோமும் மசியவில்லை. அந்தப் புரதத்துக்கு அவர்கள் இட்ட பெயர் பி10. பெயர்கள் பொதுவானது 1971-இல். அந்தப் பி10-தான் எஸ்12 என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1996-இல் கோவலாக், வால்ஷ் இருவரும் ஈ.கோலையின் எஸ்12-ஐ நிறைமானியில் எடைபோட்டார்கள். மரபணு சொன்ன கணக்கைவிட 46 அலகு கூடுதல். கந்தகம் 32, மீத்தைல் 15, இடம் விட்டுக்கொடுத்த ஹைட்ரஜன் 1 கழித்தால் 46. புரதம் உருவான பிறகு, 88-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தில் யாரோ மீத்தைல்தயோ தொகுதியை ஒட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் நான் பல நாள் முட்டிக்கொண்டு நின்றேன். காசநோய்க் கிருமியில் மருந்து எதிர்ப்பு தரும் மாற்றங்கள் 43, 88 ஆகிய இடங்களில் என்று 1993-இலிருந்தே தாள்கள் வருகின்றன. ஆனால் அங்கே 88-இல் இருப்பது லைசின்! ஒரே இடத்தில் இரண்டு அமிலமா?

இரண்டு வரிசைகளையும் பென்சிலால் எழுதி அடுக்கினேன். ஈ.கோலை தாள்கள், வெட்டி எறியப்படும் முதல் மெத்தியோனினைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காசநோய்த் தாள்கள் சேர்க்கின்றன. ஈ.கோலை எண்ணில் லைசின் 87, அஸ்பார்டிக் அமிலம் 88. இரண்டும் ஒட்டிய அண்டை வீடுகள்.

அந்த மீத்தைல்தயோவை ஒட்டியது யார்? அதற்கும் மாற்றுப்பெயர். பணி தெரியாத மரபணுக்களுக்கு ‘ஒய்’ எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பார்கள். ‘ஒய்எல்ஐஜி’ அப்படிக் கிடந்த ஒன்று. 2008-இல் ஆண்டனும் உடனாய்வாளர்களும் இந்த வேலை அதனுடையது என்று காட்டி ரிம்ஓ என்று பெயரிட்டார்கள். ரிம்ஐ, ரிம்ஜே, ரிம்எல் ஏற்கெனவே இருந்தன. எஸ்18, எஸ்5, எல்12 புரதங்களின் நுனியில் அசிட்டைல் ஒட்டுபவை அவை. அசிட்டைல் ஏறிய எல்12-க்கு எல்7 என்று தனி எண்ணே உண்டு. ஒரு புரதம், இரு எண்கள். பழைய தாள் படிப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிம்ஓ-வை நீக்கினாலும் ஈ.கோலை பிழைக்கிறது. ஆனால் அந்த அஸ்பார்டிக் அமிலம் இருக்கும் வளைவு, மரபுச் செய்தி படிக்கப்படும் இடத்தை நோக்கி நீள்கிறது. 1964 அறிக்கையின் என் நகலில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற சொல்லின் பக்கத்தில் இப்போது இரண்டு எண்கள் இருக்கின்றன: 87, 88.