விட்ட மூச்சை மீண்டும் இழுத்தவர்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். வெளியே விடும் காற்றிலும் ஏறக்குறைய 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, "அப்படின்னா விட்ட மூச்சையே மறுபடி இழுக்கலாமே சார்?" என்று கேட்கும். இழுக்கலாம். ஆனால் சேருகிற கார்பன் டை ஆக்சைடை அகற்ற வேண்டும். குறைகிற ஆக்சிஜனை ஈடுகட்ட வேண்டும். நீருக்கடியில் இந்த இரண்டையும் செய்யும் கருவிக்கு ரீபிரீதர் என்று பெயர்.

அதை வேலைக்கு ஆகும்படி செய்து காட்டியவர் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர். 1878-ல் காப்புரிமை பெற்றார். ரப்பர் முகமூடி, மூச்சுப் பை, செம்புக் கலத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்றுப் பிரி. அவ்வளவுதான் கருவி. 1879-ல் அவரே அதை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தார். அடுத்து திறந்த நீரில் சுமார் 5.5 மீட்டர் ஆழம் இறங்கியபோது, மேலே இருந்தவர்கள் சட்டென்று இழுத்துவிட, லேசான காயத்தோடு வெளியே வந்தார்.

உண்மையான பரீட்சை அதே ஆண்டு அக்டோபரில் உருவானது. இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்க செவர்ன் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென நிலத்தடி ஊற்று உடைத்து வெள்ளம் புகுந்தது. தப்பி ஓடிய தொழிலாளர்கள் உள்ளே ஓர் இரும்புக் கதவை மூடாமல் விட்டுவிட்டார்கள். அதை மூடினால்தான் பம்புகளால் தண்ணீரை வெளியேற்ற முடியும். கதவோ சுமார் 1,000 அடி தூரத்தில், கும்மிருட்டில்.

அலெக்சாண்டர் லாம்பர்ட் கைதேர்ந்த முக்குளிப்பவர். வழக்கமான தலைக்கவச உடையில் முயன்று பார்த்தார். மேலிருந்து காற்று வரும் குழாயை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல முடியவில்லை. ஃப்ளூஸை அழைத்தார்கள். அவர் தன் கருவியோடு இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கருவி செய்யத் தெரிவது ஒரு திறமை; இருட்டு நீரில் இடிபாடுகளுக்கு நடுவே தடவித் தடவி நடப்பது வேறு திறமை.

அந்தக் கருவியை லாம்பர்ட் வாங்கிக்கொண்டார். 1880 நவம்பர். முதல் முறை போய்க் கதவை மறித்துக் கிடந்த ஒரு தண்டவாளத்தை அகற்றிவிட்டு வந்தார். இரண்டாம் முறை மற்றதையும் அகற்றிக் கதவை மூடினார். சொன்னபடியே ஒரு வால்வையும் திருகினார். நீர் எதிர்பார்த்த வேகத்தில் இறங்கவில்லை. பிறகு பார்த்தால் அது இடதுபுறத் திருகு! மூடியிருந்த வால்வைத் திறந்துவிட்டு வந்திருக்கிறார். குற்றம் அவருடையதல்ல, அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அழுத்தம் கூடினால் ஆக்சிஜனே நஞ்சாகும் என்பதை பிரெஞ்சு அறிஞர் பால் பெர் தன் நூலில் எழுதியது 1878-ல், ஃப்ளூஸ் காப்புரிமை பெற்ற அதே ஆண்டில். தூய ஆக்சிஜனோடு சுமார் 6 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று இன்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அறிவு ஒரு நூலில் இருந்தது. உயிர் வேறோர் இடத்தில் பணயத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் ஆசிரியர் வேலை என்று நான் நம்புகிறேன்.

சுரங்கம் 1886-ல் திறக்கப்பட்டது. இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் லாம்பர்ட்டின் கதையைச் சொல்லுங்கள்.