சொகுசு காரில் சப்வூஃபர் மாட்டலாமா? வாளையாறு, போடிமெட்டு தாண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பல ஆண்டு இஎம்ஐ போட்டு ஒரு பிஎம்டபிள்யூவோ, பென்ஸோ, ஆடியோ வாங்கியாச்சு. கோவையிலிருந்து வாளையாறு வழியாக பாலக்காடு, இல்லையென்றால் தேனியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு என்று வார இறுதியில் கிளம்புகிறீர்கள். எல்லாம் சரி, பாட்டில் மட்டும் ஏதோ குறைகிறது. குரல் தெளிவாக இருக்கிறது, வயலின் இனிக்கிறது. ஆனால் தவிலின் அடியும் பேஸ் கிட்டாரின் இழுப்பும் நெஞ்சில் வந்து விழவில்லை. "ஒரு சப்வூஃபர் மாட்டிட்டா போதும், அரை நாள் வேலைதான் சார்" என்கிறார் கடைக்காரர்.

உண்மையில் அது அரை நாள் வேலைதானா? பழைய மாருதியில் ஆம். கம்பெனி ஆடியோ சிஸ்டத்தோடு வரும் சொகுசு காரில் கதையே வேறு. அதோடு எல்லை தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறையின் பார்வையும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்கள் காரில் என்ன குறைகிறது?

பேஸ் என்பது ஒரே பொருள் இல்லை. 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி டிரம்ஸுக்கு 'குத்து' கொடுக்கும். அதற்குக் கீழே, குறிப்பாக 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதுதான் காதைவிட உடம்பு உணரும் அதிர்வு. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி கிட்டார் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் இவ்வளவு கீழே போகத் திணறும்.

கார் கம்பெனிகளுக்கும் இது தெரியும். பிஎம்டபிள்யூ பல மாடல்களில் முன் சீட்டுகளுக்கு அடியிலேயே வூஃபர் வைக்கிறது. மெர்சிடிஸ் 'ஃப்ரண்ட்பேஸ்' என்ற பெயரில் முன்பக்க பாடியின் உள்வெளியையே ஒலிப்பெட்டியாகப் பயன்படுத்துகிறது. வால்வோ எக்ஸ்சி90-ல் போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் சிஸ்டம் எடுத்தால், பின்பக்க பாடியோடு இணைந்து வெளிக்காற்றோடு தொடர்புள்ள சப்வூஃபரே வந்துவிடும்.

அதனால் பணம் செலவழிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. 30, 40, 50, 60, 80 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன்களை ஃபோனில் இறக்கி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 50 வரை நன்றாகக் கேட்டு 40-ல் மங்கினால், உங்களுக்குத் தேவை சிறிய உதவி மட்டுமே. 60-லேயே காணாமல் போனால் சப்வூஃபர் நியாயம்தான். 80 ஹெர்ட்ஸில் கதவு 'கடகட'வென்று ஆடினால் பிரச்சினை பேஸ் குறைவு இல்லை, கதவு பேனலின் தளர்வு. அதற்கு டேம்பிங் ஷீட் ஒட்டினாலே போதும்.

ஏன் நேராக ஒயர் இழுக்க முடியாது?

பழைய கார்களில் ஸ்டீரியோவின் பின்புறம் ஆர்சிஏ அவுட்புட் இருக்கும். அதில் ஆம்ப்ளிஃபயரைச் செருகினால் வேலை முடிந்தது. சொகுசு கார்களில் அந்த வசதி கிடையாது. 2001-ல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் தொடங்கி, பல ஐரோப்பிய கார்களில் பாட்டு 'மோஸ்ட்' என்ற ஃபைபர் ஆப்டிக் இணைப்பில் டிஜிட்டல் வடிவில் ஆம்ப் வரை போகிறது. புதிய கார்களில் ஈதர்நெட் போன்ற வேறு டிஜிட்டல் இணைப்புகள் வந்துவிட்டன. சாதாரண ஒயரை வெட்டி ஒட்டுவது போல இவற்றில் கை வைக்க முடியாது.

மிச்சம் இருக்கும் பொதுவான வழி, கம்பெனி ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் சிக்னல் எடுப்பது. அங்கேயும் மூன்று சிக்கல்கள் உண்டு.

ஒன்று, கம்பெனி ஈக்வலைசர். தன்னுடைய சின்ன ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, வால்யூம் ஏற ஏற பல சிஸ்டங்கள் பேஸைத் தானாகவே குறைக்கும். நீங்கள் புதுசாக மாட்டிய சப்வூஃபருக்கும் அந்தக் குறைந்த பேஸ்தான் வரும். மெதுவாக வைத்தால் அதிரும், சத்தமாக வைத்தால் காணாமல் போகும். கடையில் குறைந்த வால்யூமில் கேட்டு அசந்து, ஹைவேயில் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டு, இரைச்சலைக் குறைக்கும் தொழில்நுட்பம். சில கார்களில் கேபினுக்குள் மைக் வைத்து, டயர் மற்றும் இன்ஜின் உறுமலுக்கு எதிர் அலையை ஸ்பீக்கர் வழியாகவே அனுப்புவார்கள். இன்னும் சில கார்களில் இன்ஜின் சத்தமே ஸ்பீக்கரில் சேர்க்கப்படுகிறது. இந்த அலைகளை உங்கள் சப்வூஃபர் பெரிதாக்கினால், பாட்டை நிறுத்திய பிறகும் 'ஊம்ம்' என்ற முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்று, ஸ்பீக்கர் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆம்ப்கள். ஒயரின் மறுமுனையில் எதிர்பார்த்த மின்தடை இல்லையென்றால் அந்த சேனலையே அணைத்துவிடும்.

தீர்வு உண்டு. இந்த ஸ்பீக்கர் சிக்னலை வாங்கி, கம்பெனி செய்த திருத்தங்களை முடிந்தவரை சமன் செய்து, புது ஆம்புக்குத் தரும் டிஎஸ்பி கருவி. உங்கள் மாடலுக்கென்றே வரும் பிளக் டைப் ஹார்னஸ் கிடைத்தால் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை வாட் என்பதல்ல, "சிக்னல் எங்கிருந்து எடுப்பீங்க?" என்பதுதான். பதில் தெளிவாக வரவில்லையா? நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கரன்ட் எங்கிருந்து?

கணக்கு எளிது. 500 வாட் ஆர்எம்எஸ் கொண்ட கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதத் திறனில் இயங்கினால், உச்சத்தில் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 45 ஆம்பியர். பாட்டு ஓடும்போது சராசரி இதைவிடக் குறைவுதான். ஆனாலும் ஒயரையும் ஃபியூஸையும் உச்சத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

* ஒயர் முழுச் செம்பாக, 4 கேஜ் அளவில் இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது விலை குறைவு, அதே தடிமனில் சூடு அதிகம்.
* மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் காரைக் காப்பாற்றுவது இது ஒன்றுதான்.
* பல சொகுசு கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். ஆம்பின் எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால் கரன்ட் சென்சாரைத் தாண்டிப் போய்விடும், கார் பேட்டரி அளவைத் தப்பாகக் கணக்கிடும். எர்த் பாடியில் உள்ள கம்பெனி எர்த் பாயின்டில்தான் போக வேண்டும்.
* காரைப் பூட்டிய பிறகு ஆம்ப் உண்மையிலேயே அணைகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து ஸ்டார்ட் ஆகாது.
* சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக். ஹைபிரிட், மின்சார கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். இரண்டையும் ஆடியோ கடையில் யாரும் தொடக் கூடாது.

இந்த ஊர் வெயிலும் மழையும்

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை விடப்பட்டது. அந்த வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் மூடி வைத்த ஆம்ப் அங்கே அடிக்கடி தானாக அணையும். காற்றோட்டம் கட்டாயம்.

இடுக்கியில் கதை நேர்மாறு. மாதக்கணக்கில் மழை, மூடுபனி, ஈரம். சாதாரண எம்டிஎஃப் பலகைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சி உப்பும். மரைன் பிளைவுட் அல்லது ஃபைபர் பெட்டி நீடிக்கும். மூடிய பெட்டியில் 10 அங்குல சப்வூஃபர் ஒன்று பெரும்பாலான செடான்களுக்குப் போதும், டிக்கியிலும் இடம் மிஞ்சும்.

இன்னொன்று, ஸ்டெப்னி. அது இருக்கும் குழியில் பொருத்தும் சப்வூஃபர்கள் இப்போது பிரபலம். ரன் ஃபிளாட் டயர் உள்ள, ஸ்டெப்னி இல்லாத கார்களுக்கு அது நல்ல இடம். ஆனால் ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மூணாறு, வாகமண் பக்கம் போவது வேண்டாத வேலை. பெட்டியை எங்கே வைத்தாலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். விபத்தில் 20 கிலோ பெட்டி பின்சீட்டின் மேல் சில நூறு கிலோ எடையாக வந்து மோதும்.

எல்லையில் பிடிப்பார்களா?

சட்டம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே அந்தப் பிரிவு 'மாற்றம்' என்று விளக்குகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு சேர்ந்தது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதை உங்கள் டிக்கிக்குப் பொருத்திப் பாருங்கள். கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியாக இருக்கும் சப்வூஃபர், வண்டியின் கட்டமைப்பைத் தொடுவதில்லை. ஆனால் ஏழு சீட்டர் எஸ்யூவியில் கடைசி வரிசையைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் அடுக்கினால், ஆர்சியில் உள்ள இருக்கை எண்ணிக்கையே பொய்யாகிவிடும். பாடித் தகட்டை வெட்டினாலும் இதே சிக்கல்தான். கூடவே கலர் லைட்டும் போட்டால் நீங்களே சோதனையை அழைப்பது மாதிரி.

கேரளத்தில் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகமானதற்குப் பாலக்காடு மாவட்டத்திலேயே ஒரு துயரமான பின்னணி உண்டு. 2022 அக்டோபர் 5 இரவு, வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்களை ஊட்டி சுற்றுலாவுக்கு ஏற்றிச் சென்ற பேருந்து, கோவைக்குப் போன கேஎஸ்ஆர்டிசி பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். மோதும்போது சுற்றுலாப் பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருந்தது. விபத்துக்குக் காரணம் ஆடியோ சிஸ்டம் அல்ல, வேகம். ஆனால் அதன் பிறகு உயர் நீதிமன்றமும் மோட்டார் வாகனத் துறையும் சுற்றுலாப் பேருந்துகளின் கலர் லைட், தடை செய்யப்பட்ட ஹாரன், அனுமதியில்லாத மாற்றங்கள் என எல்லாவற்றின் மீதும் பிடியை இறுக்கின. தனியார் கார் அந்த வரிசையில் வராது என்றாலும், மாற்றம் செய்த வண்டியை அதிகாரிகள் பார்க்கும் பார்வை மாறிவிட்டது.

வாரன்டி, இன்ஷூரன்ஸ்?

ஒயர் வெட்டியதாகத் தெரிந்தால், அதன் பிறகு வரும் எந்த மின்கோளாறுக்கும் பழி அந்த வெட்டின் மேல்தான் விழும். சொகுசு கார் சர்வீஸ் சென்டர்கள் கொச்சி, கோவை போன்ற நகரங்களில்தான் இருக்கின்றன. மூணாறில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அங்கே போய்ச் சேர்வதே ஒரு நாள் வேலை. அதனால் எல்லாவற்றையும் அப்படியே கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். ஹார்னஸ் முறைக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதற்காகத்தான்.

இன்ஷூரன்ஸில் தனியாகச் சொல்லாத ஆடியோ பொருட்களுக்கு இழப்பீடு கிடைக்காது. மின் உபகரணங்களுக்கான சேர்ப்பு வசதி பாலிசியில் உண்டு. பொதுவாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், அதாவது 60,000 ரூபாய் செட்டுக்கு 2,400 ரூபாய். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கினால் இதற்கும் வழியில்லை.

மாட்டிய பிறகு

கிராஸ்ஓவரை 60 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ஃபேஸ் சுவிட்சை 0, 180 என இரண்டிலும் போட்டுக் கேட்டு, டிரைவர் சீட்டில் எது அழுத்தமாக இருக்கிறதோ அதை விடுங்கள். கெயின் என்பது வால்யூம் இல்லை, அதை முழுசாகத் திருப்பினால் சத்தம் உடையும். நன்றாக டியூன் செய்த சப்வூஃபர் டிக்கியில் இருப்பதே தெரியாது. பேஸ் முன்னாலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

கடைசியாக, போடியிலிருந்து போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வண்டி வருகிறது என்பதை மூடுபனியில் சொல்வது ஹாரன் மட்டும்தான். கண்ணாடியை ஏற்றி, டிக்கி அதிர ஓட்டினால் அது கேட்காது. அந்த வளைவுகள் முடியும் வரை ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டனை ரெண்டு மூணு தடவை கீழே அழுத்துங்கள். பாட்டு எங்கேயும் போய்விடாது.