காம்பே அம்பர் வண்டுகள்

குஜராத்தில் சூரத் நகருக்கு வடகிழக்கே உள்ள வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் அம்பருக்குள் அகப்பட்டிருக்கும் வண்டுகளின் உயிர்ச்சுவடுகளே காம்பே அம்பர் வண்டுகள். மரத்தில் வடிந்த பிசின் மண்ணில் புதைந்து இறுகியதே அம்பர். இங்குள்ளது ஈயோசீன் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வயது 5 கோடி ஆண்டுகளுக்கு மேல். பிசினைத் தந்தவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். இலங்கையின் ஹொர, தூன், ஹல் மரங்களும் அந்தக் குடும்பமே. பூசைக்குப் புகைக்கும் குங்கிலியத்தில் ஒரு வகையும் இக்குடும்ப மரங்களில் வடிவதுதான்.

யெஸ் ரஸ்ட், ஹுகம் சிங், டேவிட் கிரிமால்டி உள்ளிட்ட குழுவினர் 2010இல் இந்த அம்பரிலிருந்து 700க்கும் மேற்பட்ட கணுக்காலிகளை அறிவித்தனர். இந்தியத் தட்டு நெடுங்காலம் கடலில் தனித்து நகர்ந்ததால் இங்குள்ள பூச்சிகளும் தனிப்பட்டவையாக இருக்கும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்தவற்றில் பலவற்றுக்கோ ஆசியா, ஐரோப்பா, மத்திய அமெரிக்கா வரை உறவு இருந்தது. இந்த அம்பர் முழுதாக இறுகாதது என்பது இன்னொரு வசதி. கரைப்பானில் இட்டால் பிசின் கரைந்துவிடும். பூச்சியை உருக்குலையாமல் வெளியே எடுக்கலாம். பால்டிக் அம்பரில் இது நடக்காது.

வண்டுகளுள் பெயர்பெற்றது புரோட்டோக்ளாவிகர் டிரைக்கோடென்ஸ். ஜோசப் பார்க்கரும் கிரிமால்டியும் 2014இல் இதை விவரித்தனர். எறும்புப் புற்றுக்குள் ஒட்டி வாழும் குறுஞ்சிறகு வண்டுக் கூட்டத்தின் மூதாதை வடிவம் இது. இன்றுள்ள அதன் உறவினங்கள் சில மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. அவற்றின் வயிறு தொடங்கும் இடத்தில் மயிர்க் கற்றைகள் உண்டு. அங்கே சுரப்பதை நக்கும் எறும்புகள் வண்டைப் புற்றுக்குள் சேர்த்துக்கொண்டு வாய்க்கு வாய் உணவும் ஊட்டுகின்றன. விருந்தாளியோ எறும்பின் குஞ்சுகளையே தின்றுவிடும்! அம்பர் வண்டிலும் அந்த மயிர்க் கற்றைகள் தெரிகின்றன. ஆனால் இன்றைய இனங்களில் ஒரே தகடாக இணைந்துவிட்ட வயிற்று மேல்தகடுகள் இதில் தனித்தனியே இருக்கின்றன. உடல் பாதி மாறியிருந்த கட்டத்தில் பிசினில் சிக்கியது என்பதே இதன் அருமை. எறும்புகள் இன்றுபோல் பெருகியிராத காலத்திலேயே அவற்றை ஏய்த்துப் பிழைப்பவை தோன்றிவிட்டன.

இத்தனை சிறியதை விவரிப்பது பெரும்பாலும் கைவேலைதான். துண்டை மெல்லிய வாளால் அறுத்து, நனைத்த உப்புத்தாளில் தேய்த்து, வண்டின் முதுகுக்கு இணையாக ஒரு முகம் வரும்வரை மெருகேற்ற வேண்டும். ஒரு தேய்ப்பு கூடினால் உணர்கொம்பு போய்விடும். மேலே கண்ணாடி வில்லையை வைத்து இடையில் ஒரு துளி கிளிசரின் விட்டால் கீறல்கள் மறைந்து கணுக்கள் தெளிவாகத் தெரியும். உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவதும் வயிற்றுத் தகடுகளை வரைவதும் அதன் பிறகுதான்.

இலங்கையும் அதே இந்தியத் தட்டில் இருப்பதால், இங்கும் அம்பர் கிடைக்குமா என்ற கேள்வி இயல்பாக எழும். எடுத்துக்காட்டாக, மொனராகலை மாவட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. ஒக்கம்பிட்டியவின் இரத்தினக்கல் குழிகளுக்குப் பெயர்போன இந்தப் பகுதியின் அடிப்பாறை ஆழத்தில் கடும் வெப்பமும் அழுத்தமும் கண்டு உருமாறியது. இரத்தினக்கல்லை விளைவித்த அந்த வெப்பத்தில் பிசின் எதுவும் தங்காது. பாறையின் வயதும் காட்டு மரங்கள் தோன்றியதற்கு மிக முந்தியது. அம்பருக்கு நிலக்கரி போன்ற படிவுப் படுகைகளே இடம்.

எறும்பை அண்டி வாழ்ந்த வண்டுகளுள் மிகப் பழையது என்ற பெருமை புரோட்டோக்ளாவிகரிடமிருந்து 2019இல் கைமாறியது. மியன்மார் அம்பரில் கண்டெடுக்கப்பட்ட புரோமிர்மிஸ்டர் கிஸ்ட்னெரி என்ற வேறொரு குடும்பத்து வண்டு ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டு பழைமையானது.