கவுட் வலியும் கண்வலிக்கிழங்கும்

தமிழ்நாட்டு மாநில மலர் எதுன்னு கேட்டா ஸ்கூல் பசங்க "செங்காந்தள்"னு டக்குன்னு சொல்லிடுவாங்க. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற 99 பூவுல முதல் பூவே காந்தள்தான். மழைக்காலத்துல வேலியோரமா நெருப்புக் கொழுந்து மாதிரி பூத்து நிற்கும். இதோட கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. கலப்பைக்கிழங்குன்னும் சொல்வாங்க. கவுட் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்குற கோல்சிசின் இந்தச் செடியோட விதையிலிருந்தும் எடுக்கிறாங்கங்கறது நம்மாளுங்க பல பேருக்குத் தெரியாத சங்கதி.

நான் இதுல தலையை விட்டதுக்குக் காரணம் எங்க சித்தப்பா. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு உருக்காலையில ஷிப்ட் பார்க்கிறவர். உலைப் பக்கம் நின்னா வேர்த்துக் கொட்டும், ஆனா தண்ணி குடிக்கிறது கம்மி. ஞாயித்துக்கிழமைன்னா ஈரல், நெத்திலி, கூடவே பீர். ஒரு நாள் ராத்திரி கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாக்கூட உயிர் போற வலி. யூரிக் ஆசிட்னு டாக்டர் சொன்னார். அதுக்குள்ள திருவள்ளூர்லேர்ந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "எதுக்கு மச்சான் இங்கிலீஷ் மருந்து? கண்வலிக்கிழங்கை அரைச்சு உள்ளுக்குச் சாப்பிடு. அதே மருந்துதான், இயற்கையா இருக்கும்"னு ஒரே போடு போட்டார்.

அதே மருந்துதாங்கறது உண்மை. வில்லங்கமே அங்கதான் இருக்கு.

இந்த மருந்தோட கதை ரொம்பப் பழசு. ஐரோப்பாவில் காந்தள் கிடையாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கோல்சிகம் என்ற செடி உண்டு, பார்க்க குங்குமப்பூ மாதிரி இருக்கும். கி.பி. 6-ம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டர் என்ற பைசாந்திய மருத்துவர் அதோட கிழங்கை மூட்டு வலிக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். ஆனா விஷம்ங்கற பயத்துல பல நூற்றாண்டு அதை ஒதுக்கி வச்சுட்டாங்க. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஹுஸ்ஸோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒரு "மருந்துத் தண்ணி"யை வித்தார். கவுட்டுக்குப் பிரமாதமா கேட்டுச்சாம். உள்ளே என்னன்னு மட்டும் மூச்சு விடலை. (நம்ம ஊர் லாட்ஜ் வைத்தியர்கள் ஞாபகம் வருதா? :-)) 1814-ல் ஜான் வான்ட் என்ற ஆங்கில மருத்துவர், அது கோல்சிகம் சாறுதான்னு போட்டு உடைச்சார். 1820-ல் பெல்லெட்டியே, கவென்டூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்த சத்தைத் தனியே பிரிச்சாங்க. அதே வருஷம் சின்கோனா பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரிச்ச அதே ஜோடி!

அதுக்கப்புறம்தான் இதை எடை போட்டுக் கொடுக்க முடிஞ்சுது. என்னோட இன்ஜினியர் புத்திக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது. ஒரு கணக்கு பாருங்க. காந்தள் விதையில் கோல்சிசின் முக்கால் சதவீதம்னு வச்சுப்போம். 1 கிராம் விதையில் 7.5 மில்லிகிராம் ஆச்சு. கடையில் கிடைக்கிற மாத்திரை 0.5 மில்லிகிராம். ஆக, 1 கிராம்ங்கறது 15 மாத்திரை! கிழங்குல எவ்வளவுங்கறது மண்ணுக்கு மண், கிழங்குக்குக் கிழங்கு மாறும். அம்மியில அரைக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அளவு மீறினா சில மணி நேரத்துல வாந்தி, பேதி. அது நின்னு "சரியாப் போச்சு"ன்னு நினைக்கும்போது எலும்பு மஜ்ஜை படுத்துடும், முடி கொட்டும், உயிரும் போகலாம். இலங்கையில் வேறே ஏதோ கிழங்குன்னு நினைச்சு சமைச்சுச் சாப்பிட்டவங்க கதையெல்லாம் மருத்துவப் பத்திரிகைகள்ல வந்திருக்கு. நம்ம சித்த வைத்தியத்துலயே இதைச் சுத்தி செய்யாம மருந்துல சேர்க்க மாட்டாங்க.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். கவுட்னதும் முதல்ல பருப்பையும் கீரையையும்தான் நிறுத்தச் சொல்றாங்க. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் கவனிச்ச ஆய்வு 2004-ல் வெளியாச்சு. கறியும் மீனும் கவுட்டைக் கூட்டுது, பியூரின் அதிகமுள்ள காய்கறி கூட்டலை, பால் பொருள் குறைக்குதுன்னு சொல்லுச்சு. ஆக சாம்பாரும் மோரும் குற்றவாளி இல்லை. ஈரலும் நெத்திலியும் பீரும்தான். ஆனா யூரிக் ஆசிட்ல மூணுல ரெண்டு பங்கு உடம்பே தயாரிக்கிறது. அதனால பலருக்குப் பத்தியம் மட்டும் போதாது, 1966-ல் வந்த அலோபியூரினால் மாதிரி மருந்தும் வேணும்.

இன்னொண்ணு. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியிருப்பதை 1848-ல் காட்டிய லண்டன் டாக்டர் கேரட், தன்கிட்ட வந்த கவுட் நோயாளிகள்ல பெயின்டரும் பிளம்பரும் நிறைய இருக்கறதைக் கவனிச்சார். காரணம் ஈயம். அது கிட்னியைக் கெடுத்து யூரிக் ஆசிட்டை வெளியே போக விடாது. பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்குற தொழில் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் இருக்கு. அங்க வேலை பார்க்கிறவங்க டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடுங்க. சித்தப்பா வேலை இரும்புலங்கறதால தப்பிச்சார். இப்போ மாத்திரையும், ஷிப்டுக்கு ரெண்டு பாட்டில் தண்ணியுமா ஓடுது.

காந்தளை இன்னிக்குப் பயிராவே போடுறாங்க, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம். காய் நல்லாப் பிடிக்கணும்னா காலையில ஒவ்வொரு பூவுக்கும் கையாலயே மகரந்தம் தடவி விடணும். விதை ஐரோப்பா வரைக்கும் போகுது. 2009-ல் அமெரிக்காவில் கோல்சிசின் உரிமை ஒரே கம்பெனி கைக்குப் போனதும், 10 சென்ட்கூட விக்காத மாத்திரை கிட்டத்தட்ட 5 டாலர் ஆச்சு. இங்கே விதைக்கு விலை சொல்றது வியாபாரிதான்.