இடுக்கண் அழியாமை

திருக்குறளின் 63ஆம் அதிகாரம். குறள் எண்கள் 621 முதல் 630 வரை. துன்பம் வந்தபோது மனம் கலங்காதிருத்தலைப் பேசுகிறது. அரசனுக்குரிய பண்புகளைச் சொல்லும் அரசியல் இயலை வள்ளுவர் வெற்றியில் முடிக்காமல் இந்த அதிகாரத்தில் முடித்தது ஆழ்ந்த தேர்வு. முயற்சியைப் போற்றும் ஆள்வினையுடைமை இதற்கு முந்தியது. முயன்றும் தோற்றவனுக்கு இது துணை நிற்கிறது.

உவமைகளில் உயிருள்ளது 624ஆம் குறளின் எருது. சக்கரம் சேற்றில் புதைந்ததும் அது முன்னங்காலை மடித்து, மூக்கு தரையில் உரச, மூச்சிரைக்க இழுக்கும், வண்டி நகரும். துன்பத்தைக் கண்டு நகைக்கச் சொல்லும் முதற்குறளே பரவலாக அறியப்பட்டது. ஆயினும் 629தான் நுட்பமானது: இன்பத்தில் திளைக்காதவன் துன்பத்திலும் துவளான் என்று, பயிற்சியை நல்ல நாள்களிலேயே தொடங்கிவிடுகிறது.