வினாத்தாள் திருச்சிக்கு வந்த ஆண்டு

காலை நேரத்தில் திருவரங்கத்திலிருந்து வரும் ஒன்றாம் நம்பர் பேருந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றதும் கல்லூரிப் பிள்ளைகள் திமுதிமுவென இறங்குவார்கள். நடக்கும் தூரத்தில் தூய வளனார் கல்லூரி. 1923இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியும் அருகிலேயே.

வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் பிறந்து, 1883இல் திருச்சிக்குக் குடிவந்தது. வினாத்தாள் மட்டும் வெகுகாலம் சென்னையில்தான் தயாரானது. 1954இல் இங்கே இயற்பியல் முடித்த அப்துல் கலாமும் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வைத்தான் எழுதினார். பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வி கேட்பவர் இன்னொருவர்.

1978இல் இது மாறியது. கோத்தாரிக் கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்த தன்னாட்சி வளனார் கல்லூரிக்குக் கிடைத்தது. 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து அதற்கு வழியமைத்தவர் மால்கம் ஆதிசேஷையா. முன்பு யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். ஆசிரியர் சங்கங்களிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது. ஆனாலும் பாடத்திட்டம், வினாத்தாள், இன்டர்னல் மதிப்பெண் எல்லாம் வகுப்பெடுக்கும் ஆசிரியரின் பொறுப்பாயின.

அந்தப் பொறுப்பைத்தான் செயற்கை நுண்ணறிவு இன்று உரசிப் பார்க்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபோது முதல் அடி வாங்கியது அசைன்மென்ட். எழுதியது மாணவரா, கருவியா என்று கண்டுபிடிக்க ஆசிரியர்கள் இன்னொரு கருவியை நாடினார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அத்தகைய கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபல் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநீதி! ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

ஆகவே தீர்ப்பு ஆசிரியரிடமே திரும்புகிறது. அவருக்குப் பயிற்சி வேண்டும். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. ரெஃப்ரெஷர் வகுப்புகள் வழக்கமாயின. 2023 செப்டம்பர் 5 முதல் அந்தப் பணி மாளவியா இயக்கத்தின் பெயரில் நடக்கிறது. யுனெஸ்கோ 2024இல் ஆசிரியர்களுக்கென வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுத் திறன் சட்டகம் 15 திறன்களைச் சொல்கிறது. அதன் ஐந்து பிரிவுகளில் முதலிரண்டும் மனிதரை மையமாகக் கொண்ட பார்வையும் அறமும். கருவியைக் கையாளும் திறன் அதற்குப் பிறகே. தமிழ்நாடு அரசும் 2020இலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டுவிட்டது.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் இனிச் செய்ய வேண்டியவை தெளிவானவை. எந்த அசைன்மென்ட்டில் கருவிக்கு அனுமதி, எதில் இல்லை, பயன்படுத்தியதை மாணவர் எப்படித் தெரிவிப்பது என்று எழுத்தில் வைக்கலாம். எழுதிக் கொடுத்ததை மாணவர் ஐந்து நிமிடம் நேரில் விளக்கச் செய்யலாம். பெயரோடு கூடிய விடைத்தாள்களை வெளிச் சேவைகளில் ஏற்றக் கூடாது என்று ஆசிரியர்களும் விதி வகுத்துக்கொள்ள வேண்டும். தன்னாட்சி இல்லாத கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. திருச்சி வட்டாரத்தில் அவர்களுக்காக இதைச் செய்ய வேண்டியது, அக்கல்லூரிகள் இணைந்திருக்கும், 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம்.