மணிப்பிரவாளம்

மணிப்பிரவாளம் என்பது தமிழ், மலையாளம் போன்ற ஒரு மொழியோடு வடமொழியைக் கலந்து எழுதும் நடை. அந்நடையில் எழுந்த இலக்கியத்துக்கும் இதே பெயர் வழங்கும்.

பிரவாளம் என்றால் பவளம். அதில் சிக்கல் இல்லை. மணி எது என்பதில்தான் வழக்கு. தமிழில் அதை முத்து என்று கொண்டு, வெண்மையும் செம்மையும் மாறி மாறிக் கோத்த மாலையாக விளக்குவது பெருவழக்கு. கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த இலக்கண நூலான லீலாதிலகமோ மாணிக்கம் என்கிறது. மாணிக்கமும் பவளமும் சிவப்பு. கோத்தால் எது எது என்று தெரியாது. கலப்பு கண்ணில் படவே கூடாது என்பது அந்நூலின் கட்சி. சொல்லாராய்ச்சிபோல் தோன்றினாலும் இது நடை பற்றிய வாதமே.

இச்சொல் தொடக்கத்தில் தமிழுக்கோ மலையாளத்துக்கோ உரியதாக இருக்கவில்லை. 837இல் ஜினசேனர் முடித்த ஜயதவளை என்னும் சமண உரை, பிராகிருதத்தில் இடையிடையே வடமொழி கலந்த தன் நடைக்கே இவ்வுவமையைக் கையாள்கிறது. தமிழிலக்கணத்தில் 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் இதைக் குறிப்பிடுகிறது: வடவெழுத்து மட்டும் இடையே விரவினால் அது விரவியல், வடசொற்களே கலந்து, எதுகை அமைப்பும் இல்லாமல் வந்தால் மணிப்பிரவாளம்.

பெயர் ஒன்றாயினும் கலக்கும் முறை வேறு. கேரள மணிப்பிரவாளத்தில் வடசொல் தன் வேற்றுமை உருபோடே நிற்கும். அங்கு அது பெரிதும் செய்யுள் நடை. உண்ணுநீலி சந்தேசம் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழில் இது உரைநடையாகவே வளர்ந்தது. வடசொற்கள் பெரும்பாலும் தமிழ் உருபுகளை ஏற்றன. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி முதலாக வைணவ ஆசாரியர்களின் திருவாய்மொழி உரைகள் இந்நடையின. சமணரின் ஸ்ரீபுராணமும் இவ்வகையே. வடவெழுத்துகளுக்குக் கிரந்த எழுத்து கைகொடுத்தது.

உரைகாரர்களுக்கு இது வெறும் அலங்காரமன்று. வேதாந்தக் கலைச்சொற்களையும் ஆழ்வார் பாசுரத்தையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பின் இந்நடையின் செல்வாக்கு சரிந்து, பெயரே வசைச்சொல்லாகவும் ஆயிற்று. திருவாய்மொழிக்கு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய ஈடு என்னும் உரையை இன்றைய தமிழர் படிக்க அதற்கே ஒரு தமிழாக்கம் தேவைப்பட்டது; பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்த அந்த ஆக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பல தொகுதிகளாக வெளியிட்டது.